கலை சுற்றுச்சூழல் விழா: நீல பிரிண்ட்டுக்காகவே போகலாம்

ரெண்டு நாள் விழா, ரெண்டு நாளும் போனோம். முதல் நாள் காலையிலயே திரும்பியிருந்தா ரெண்டு ஸ்டார்தான் குடுத்திருப்பேன்.

பின்ன என்னங்க, வாசல்லயே "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்"னு இவ்ளோ பெரிய ஃபிளெக்ஸ் பேனர். ஃபிளெக்ஸே பிவிசிங்கிற பிளாஸ்டிக்தானே, துணியில எழுதினா ஆகாதா? உள்ள போனா காலி வாட்டர் பாட்டில்ல செஞ்ச ராட்சச மீன், பாக்க நல்லாதான் இருந்துச்சு, நாளைக்கு விழா முடிஞ்சதும் இது எங்க போகும்னு பக்கத்துல நின்ன வாலண்டியர் தம்பிகிட்ட கேட்டேன், சிரிச்சாப்ல, அவ்ளோதான்.

ஆனா வெயில்லயே நீல பிரிண்ட் எடுக்குற சயனோடைப் ஒர்க்‌ஷாப் இருக்கே, அதுக்கு மட்டும் எத்தனை ஸ்டார் வேணாலும் குடுப்பேன். ரெண்டு இரும்பு உப்பை தண்ணில கரைச்சு பேப்பர்ல பூசி இருட்டுல காய வெச்சு ரெடியா வெச்சிருந்தாங்க, நாம கீழ கிடக்குற இலை, இறகு எதையாவது பொறுக்கிட்டு வந்து அது மேல வெச்சு கண்ணாடியால அமுக்கி வெயில்ல வெக்கணும், மஞ்சப்பச்சையா இருந்தது மெல்ல சாம்பல் கலருக்கு போகுது, அப்புறம் வெறும் தண்ணில அலசினா இலை இருந்த இடம் வெள்ளை, மிச்சமெல்லாம் நீலம். 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச முறையாம், அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்னு ஒரு அம்மா கேமராவே இல்லாம கடல்பாசியை இப்படி படமா எடுக்க ஆரம்பிச்சிட்டாங்களாம். என் பொண்ணு பாதியில இலையை தூக்கிப் பாத்துட்டு திரும்ப வெச்சதுல ரெண்டு நிழலா விழுந்துடுச்சு, அதுதான் வேணும்னு அடம். நடுவுல மேகம் வந்துச்சு, பத்து நிமிஷ வேலை அரை மணி நேரம் இழுத்துச்சு, அத்தனை பேரும் வானத்தையே அண்ணாந்து பாத்துட்டு நின்னோம். சுற்றுச்சூழல் பத்தி அங்க ஒருத்தரும் லெக்சர் அடிக்கல.

அடுத்த டேபிள்லயே குழந்தைங்களுக்கு அக்ரிலிக் பெயின்ட். அதுவும் பிளாஸ்டிக்தான், பிரஷ் கழுவுன பக்கெட் தண்ணியை அப்படியே செடி வேர்ல ஊத்துறாங்க! பழைய துணியில துடைச்சிட்டு கழுவினாலே எவ்ளோவோ குறையும்.

ரெண்டாம் நாள் பேச்சு ஒண்ணு சூப்பர். ஜெர்மனில காசெல் ஊர்ல 1982ல ஜோசப் பாய்ஸ்ங்கிற கலைஞர் மியூசியம் வாசல்ல 7000 கல்லை குவிச்சு வெச்சாராம், ஒரு மரம் நட்டாதான் ஒரு கல்லை எடுத்து அந்த மரத்துக்கு பக்கத்துல நடலாம், குவியல் கரைய 1987 ஆகிடுச்சு, அதுக்குள்ள அவரே இறந்துட்டார். இதை கேட்டுட்டு வெளிய வந்தா ஆளுக்கொரு மரக்கன்னு ஃப்ரீயா குடுக்குறாங்க, என்ன மரம், எங்க நடணும், யாரு தண்ணி ஊத்துவா, ஒண்ணும் சொல்லல. பார்க்கிங்ல நாலஞ்சு கன்னு அனாதையா கிடந்துச்சு.

நாலு ஸ்டார். போறதா இருந்தா வெயில் நல்லா இருக்கும்போதே சயனோடைப்க்கு போயிடுங்க, மதியத்துக்கு மேல கூட்டம், பேப்பரும் தீந்துடுது.