இரண்டரை ஆண்டு தருக்கப் பயிற்சி: போடியிலிருந்து ஓர் அனுபவம்

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில், தருக்கமும் கணக்கும் வரும் மதியத் தாளில் முதல் தடவை 68 கேள்விகளுக்கு விடை குறித்தேன். 32 சரி, 36 தப்பு. ஒரு சரிக்கு 2.5 மதிப்பெண், ஒரு தப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆக 80 வாங்கி 30 இழந்து 50-ல் நின்றேன். 200-க்கு 66 எடுத்தால்தான் தகுதி. அது இல்லாததால் காலையில் எழுதிய பொது அறிவுத் தாள் கணக்கிலேயே வரவில்லை. 2015-லிருந்து இது வெறும் தகுதித் தாள்தானே, 33 சதவீதம் யாருக்கும் வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னதை நம்பி, கடைசி இரண்டு வாரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடமாக ஒரு நாள் விடாமல் தருக்கக் கேள்விகள் போட்டு வருகிறேன். எது கை கொடுத்தது, எதில் காசும் நேரமும் போயின என்று விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. தமிழ்வழியில் படித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி.யையும் யு.பி.எஸ்.சி.யையும் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு இது பயன்படும்.

முதல் ஐந்து மாதம் பணம் கட்டி வாங்கிய ஒரு செயலியில் பயிற்சி. கேள்விக்கு ஒரு நிமிடம், பக்கத்தில் ஓடும் கடிகாரம், தினமும் தர வரிசை. வேகம் கூடியது உண்மை. ஆனால் தப்பும் அதே வேகத்தில் கூடியது. விடை சரியா தவறா என்று சொல்லுமே தவிர, ஏன் தவறு என்பதற்கு அதில் ஒற்றை வரிதான் இருக்கும். சில இடங்களில் அந்த வரியே பிசகு. தொடங்கும்போதே கடிகாரம் வைத்துப் பழகாதீர்கள். தெளிவு வருவதற்கு முன்னால் வேகம் வந்தால், தப்பாக யோசிப்பதுதான் பழக்கமாகிறது. நான் அதை மாற்றவே நான்கு மாதம் ஆனது.

பிறகு செயலியை விட்டுவிட்டுப் பழைய வினாத்தாள்களுக்குப் போனேன். ஒரு நாளைக்குப் பத்தே கேள்வி. கூடவே ஒரு தவறு நோட்டு. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விஷயம் எழுதுவேன்: நான் குறித்த விடை, அப்போது மனதில் ஓடியது, என்னைத் திசை திருப்பிய சொல். மூன்றாவதை எழுதத்தான் கஷ்டப்பட்டேன். பலன் கொடுத்ததும் அதுதான். ஒரு நோட்டு நிரம்பிய பிறகு புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் கணக்கில் வந்த பிழையே இல்லை. கேள்வியில் இல்லாததை நானே சேர்த்துப் படித்திருக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. "எல்லா நறுமணப் பொருள்களும் மலையில் விளைபவை. ஏலக்காய் மலையில் விளைகிறது. எனவே ஏலக்காய் ஒரு நறுமணப் பொருள்." ஏலக்காய்க்குப் பேர்போன போடியில் பிறந்தவள் இதைத் தப்பு என்று சொல்வேனா? சரி என்று குறித்தேன். முடிவு உண்மைதான், ஆனால் மேலே உள்ள இரண்டு வரிகளிலிருந்து அது வராது. ஏலக்காயை எடுத்துவிட்டு வட்டவடை கேரட்டை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கேரட்டும் மலையில்தான் விளைகிறது. அதனால் அது நறுமணப் பொருளாகிவிடுமா? அன்றிலிருந்து, முடிவு கண்ணுக்கு உண்மையாகத் தெரிந்தால் உடனே வேறொரு பொருளை அந்த இடத்தில் போட்டுப் பார்க்கிறேன். பத்து நொடி வேலை. இந்த வகைக் கேள்வியில் தப்பு வருவது அதோடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

ஆனால் தெரிந்த பொருளே வழிகாட்டுகிற இடமும் உண்டு. அம்மா இருபது வருடமாக ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறார். போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. அங்கே விலையை முடிவு செய்வதில் காயின் பருமனுக்கு முக்கியப் பங்கு. 8 மி.மீ. சல்லடையில் தங்கும் காய் ஏழிலும் தங்கும். ஏழில் தங்கியதெல்லாம் எட்டில் தங்காது. "அ எனில் ஆ" என்ற வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்று எத்தனையோ வகுப்பில் கேட்டிருக்கிறேன். சல்லடையோடு சேர்த்து யோசித்த பிறகுதான் அது மறக்காமல் நின்றது. ஏழிலேயே தங்காதது எட்டில் தங்கவே தங்காது என்ற எதிர்மறைத் திருப்பமும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

1966-ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் நான்கு அட்டைகளை வைத்து ஒரு சோதனை அமைத்தார். ஒரு விதியைச் சொல்லி, அது மீறப்பட்டதா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும் என்று கேட்பது. நன்றாகப் படித்தவர்களே பெரும்பாலும் அதில் தவறுகிறார்கள், நானும் தவறினேன். ஒரு நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது, அதையே மூட்டைகளாக மாற்றி அம்மாவிடம் கேட்டேன். "எட்டு எம்.எம். சீட்டு ஒட்டுன மூட்டைக்குச் செகப்பு நூல்தான் கட்டணும்னு முதலாளி சொல்லிட்டாரு. நாலு மூட்டை இருக்கு. ஒண்ணுல எட்டுன்னு சீட்டு தெரியுது, ஒண்ணுல ஏழுன்னு தெரியுது, நூல் தெரியல. மத்த ரெண்டுல சீட்டு சுவத்துப் பக்கம் இருக்கு. ஒண்ணுல செகப்பு நூல், ஒண்ணுல வெள்ளை நூல். எதெதைத் திருப்பிப் பாக்கணும்?"

அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எட்டையும் பாரு, வெள்ளை நூலையும் பாரு. செகப்ப எதுக்குத் தாயி திருப்பணும்? அதுல ஏழு கெடந்தா நமக்கென்ன?"

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் அட்டைகளில் எழுத்தும் எண்ணுமாகப் பார்த்தபோது, இந்தச் சிவப்பு நூலுக்கு ஈடான அட்டையைத்தான் முதலில் திருப்பியிருந்தேன். அதன் பிறகு "எனில்" என்று வரும் கேள்வி எதுவானாலும் மனதுக்குள் ஒரு சரிபார்ப்பு வேலையாக மாற்றிக்கொள்கிறேன்: இந்த விதியை மீறியது எங்கே ஒளிந்திருக்க முடியும்? அந்த இடத்தை மட்டும் பார்.

மொழிச் சிக்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி வகுப்புகளில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. "எல்லாக் கடைகளும் திறக்கவில்லை" என்று தமிழில் எழுதினால் ஒரு கடைகூடத் திறக்கவில்லை என்றும் கொள்ளலாம், சில திறக்கவில்லை என்றும் கொள்ளலாம். தருக்கக் கேள்வியில் இரண்டுக்கும் விடை வேறு. "மட்டுமே" இன்னொன்று. "ஆசிரியர்கள் மட்டுமே உறுப்பினர்கள்" என்றால் உறுப்பினர் எல்லாரும் ஆசிரியர். ஆசிரியர் எல்லாரும் உறுப்பினர் என்று அதில் சொல்லவே இல்லை. டி.என்.பி.எஸ்.சி. வினாத்தாளில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று போட்டிருக்கும். அதனால் இந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு மொழியிலும் படித்துவிட்டுத்தான் விடை குறிக்கிறேன். யு.பி.எஸ்.சி. முதல்நிலையில் தமிழே கிடையாது, ஆங்கிலமும் இந்தியும்தான். நம்மைப் போன்றவர்கள் ஆங்கிலத்தில் எல்லாம், சில, மட்டும், தவிர, இல்லாவிடில் ஆகியவற்றுக்கு வரும் பத்துப் பன்னிரண்டு சொற்களைத் துல்லியமாகப் பழகிக்கொண்டால் பாதித் தூரம் வந்த மாதிரி.

பகடை, எண் வரிசை, எழுத்துக் குறியீடு இதற்கெல்லாம் இவ்வளவு பாடு வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி.யில் 200-ல் 25 கேள்வி திறனறிவு. பழைய தாள்களை ஒரு மாதம் முறையாகப் போட்டாலே இவை வசப்படும். வட்டமாக எட்டுப் பேரை உட்கார வைக்கும் புதிர் மட்டும் எனக்கு இன்னும் நேரம் தின்கிறது. தேர்வில் அதைக் கண்டால் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன்.

எதை விடுவது என்பதும் பயிற்சிதான். இதைப் பூப்பாறையில் இருக்கும் ஒரு அக்காவிடம்தான் கற்றேன். அவர் கேரள பி.எஸ்.சி. எழுதுகிறவர், அங்கே மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலும் வினாத்தாள் தருகிறார்கள், தப்புக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழிகிறது. எனக்கோ டி.என்.பி.எஸ்.சி.யில் கழிவு இல்லாததால் தெரியாததையும் குறித்துவிடும் பழக்கம், அதையே மதியத் தாளுக்கும் கொண்டுபோயிருந்தேன். அக்கா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 35 சரி, 15 தப்பு என்றால் 75, தேறிவிடலாம். அதே 35 சரியோடு மீதி 45-ஐயும் தப்பாகக் குறித்தால் 50. அடுத்த தடவை 45 கேள்விக்கு மேல் தொடவில்லை. 36 சரி, 9 தப்பு, 82.5. காலைத் தாளின் கட்-ஆஃபில் அந்த வருடம் நின்றுவிட்டேன், அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் மதியத் தாளின் பயம் போய்விட்டது.

கடிகாரத்தை இப்போது வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு மதியம் இரண்டரையிலிருந்து நாலரை வரை மட்டும் வைக்கிறேன், உண்மையான தேர்வு நேரத்திலேயே. மற்ற நாள் பத்துக் கேள்வி, நோட்டு, அவ்வளவுதான். மூன்றாவது நோட்டு பாதி ஆகிவிட்டது.

போன வாரம் அக்கா ஒரு கேள்வியைப் படம் பிடித்து அனுப்பினார். "சில ஆசிரியர்கள் பாடகர்கள்" என்றால் "சில ஆசிரியர்கள் பாடகர்கள் அல்லர்" என்பது வருமா? வரும் என்று அவர். பேச்சில் அப்படித்தான், எல்லாரும் பாடுவார்கள் என்றால் யாராவது "சில" என்பார்களா என்று கேட்டார். நான் இரண்டு வட்டம் வரைந்து அனுப்பினேன், ஆசிரியர் வட்டம் முழுசாகப் பாடகர் வட்டத்துக்குள்ளேயே இருக்கும்படி. இதிலும் முதல் வரி உண்மையாக இருக்கிறதா என்று பாருங்கள் அக்கா என்று கீழே எழுதினேன். அரை மணி நேரம் கழித்து, அதே படத்தில் ஆசிரியர் வட்டத்துக்கு மட்டும் மையால் நிறம் தீட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்.