பொல்கொடையில் மீன்பிடிக்கப் போகிறீர்களா? முற்பணம் அனுப்ப முன் இதை வாசியுங்கள்

கொழும்புக்குத் தெற்கே இருக்கும் பொல்கொடை வாவியில் ‘ஒரு நாள் மீன்பிடி’ என்று முகநூலில் ஓடும் விளம்பரங்களைப் பார்த்ததும் காசு அனுப்பிவிடாதீர்கள். போன ஞாயிறு நானும் என் நண்பனும் 21,500 ரூபாவைத் தொலைத்துவிட்டு வந்தோம். காசைக்கூட விடலாம். தண்ணீர் ஏறும் வள்ளத்தில், இடி முழக்கத்துக்கு நடுவே அவனை உட்கார வைத்துவிட்டேனே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவன் வவுனியாக்காரன். குளக்கட்டில் மூங்கில் தடியும் மயிலிறகுத் தண்டு மிதப்புமாக வளர்ந்தவன். இருபது வருடமாக வெள்ளவத்தையில் இருக்கிறான், தூண்டிலைத் தொட்டதே இல்லை. நாற்பதாவது பிறந்தநாளுக்கு என்னடா வேணும் என்று கேட்டதற்கு, “ஒரு நாள் தூண்டில் போடவேணும் மச்சான், வேற ஒன்றும் வேண்டாம்” என்றான்.

விளம்பரத்தில் ஒருவர் பெரிய கொடுவா மீன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். இரண்டு பேருக்கு வள்ளம், தூண்டில், இரை, பிடிக்கிற மீனிலேயே மதியச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து 18,000. முற்பணம் 10,000 கேட்டார்கள். வங்கிக் கணக்கு விளம்பரத்தில் இருந்த பெயரில் இல்லை, யாரோ ஒருவருடைய சொந்தப் பெயரில் இருந்தது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். விடியற்காலை ரயிலில் மொரட்டுவை போய், ஓட்டோ பிடித்து, ஐந்தே முக்காலுக்கே கரையில் நின்றோம். வள்ளக்காரர் வந்தது எட்டே முக்காலுக்கு. மீதி 8,000ஐ எண்ணி வாங்கிய பிறகுதான் வள்ளத்தைக் காட்டினார். அடிப்பலகை ஓரத்தில் ஒரு வெடிப்பு. அதில் பொலித்தீனைத் திணித்துத் தார் பூசியிருந்தார்கள். உயிர்காப்பு அங்கி ஒன்றே ஒன்று. அதுவும் சின்னப் பிள்ளையின் அளவு. வார் அறுந்த இடத்தில் நீல நைலோன் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது.

இரை என்று தந்தது முந்தின நாள் பாண். பொல்கொடை பாணந்துறைப் பக்கம் கடலோடு கலப்பதால்தான் கொடுவா உள்ளே வருகிறது. அது உயிர் இறாலுக்கும் சின்ன மீனுக்கும் பாயும், பாணுக்கு வராது. பாணுக்கு வருவது ஜப்பான் மீன், அதாவது திலாப்பியா. இதை நண்பன் சொன்னதும், “இன்றைக்கு இறால் இல்லை” என்று சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஆகாயத்தாமரை மண்டிய ஓர் இடத்தில் நங்கூரத்தைப் போட்டார். இன்னொரு வள்ளம் வந்தது. “பத்து நிமிடம்” என்று சொல்லி அதில் ஏறிப் போனவர் திரும்பி வர மூன்றரை மணி நேரம் ஆனது. எங்களிடம் இருந்தது ஒரு துடுப்பு. அவருடைய போன் நிறுத்தப்பட்டிருந்தது.

தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. வள்ளத்தில் கிடந்த ஐஸ்கிரீம் டப்பாவால் நான் அள்ளி ஊற்ற, அவன் தூண்டில் போட்டான். பிறகு அவன் அள்ள, நான் போட்டேன். தூண்டிலில் நூல் சுற்றும் கைப்பிடி மூன்று தரம் கழன்று விழுந்தது. கடைசியில் நூலைக் கையாலேயே இழுத்து, உள்ளங்கை அளவில் ஒரு ஜப்பான் மீனைப் பிடித்தான். ஈரக் கையில் அது துடிக்க, “வந்திட்டுது மச்சான், வந்திட்டுது!” என்று கத்தினான், நானும் சேர்ந்து கத்தினேன். வள்ளம் ஆடிய ஆட்டத்தில் பாண் முழுவதும் வாவிக்குள் போய்விட்டது. விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவனை அழைத்துப் போனதில் எனக்கு வருத்தமில்லை. மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டான்.

ஒரு மணிக்குப் பிறகு வானம் கறுத்தது. ஒக்டோபரில் கொழும்புப் பக்கம் பின்னேரம் இடி மின்னல் வருவது எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஆட்களைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவது சும்மா அலட்சியம் இல்லை, உயிரோடு விளையாடுவது. பொல்கொடையில் செம்மூக்கு முதலை இருப்பதும் ஊரறிந்த விஷயம். நீந்திக் கரைக்குப் போவதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை.

வந்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ‘எரிபொருள்’ என்று மேலதிகமாக 3,500 கேட்டார். தராவிட்டால் வள்ளத்தை இழுக்க மாட்டேன் என்றார். மழை தொடங்கிவிட்டது, கொடுத்தோம். கரையில் தந்த சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தால் சோறு, பருப்பு, டின் மீன் கறி. பற்றுச்சீட்டு கேட்டதற்கு, “அதெல்லாம் இல்லை” என்றார்.

போகத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் நேரில் போய் வள்ளத்தைப் பாருங்கள். ஆளுக்கொரு அங்கி உண்டா, வள்ளக்காரர் கூடவே இருப்பாரா என்று கேளுங்கள். பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு இப்போது கைகொடுப்பது அந்தச் செய்திகளும் வங்கிச் சீட்டும்தான். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன், எழுத்திலும் முறைப்பாடு அனுப்பிவிட்டேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதனால் ஏமாந்தவர்கள் தள்ளிப் போடாதீர்கள்.

அந்த விளம்பரம் இன்று காலையும் ஓடுகிறது. படத்தில் அதே கொடுவா. விலையை மட்டும் 16,500 ஆகக் குறைத்திருக்கிறார்கள்.