பரம எதிரியா, என்எச்எல் கனவா?

உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கியில் 20 வயதுக்குட்பட்ட பையன்களை உந்துபவை இரண்டு: பரம எதிரியை வீழ்த்தும் வெறி, வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் அணிகளின் கண்ணில் படும் ஆசை.

ஆசை சீரானது, எதிரே யார் நின்றாலும் குறையாது. ஆனால் பலர் என்எச்எல் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் ஏற்கெனவே தேர்வானவர்கள், அதாவது கண்ணில் பட்டுவிட்டவர்கள்.

என் ஓட்டு வெறிக்குத்தான். 2011 பஃபலோ இறுதிப்போட்டியில் கனடாவிடம் 0-3 எனப் பின்தங்கிய ரஷ்யா, கடைசி 20 நிமிடத்தில் ஐந்து கோல் போட்டு 5-3 என வென்றதே! தனிப்பட்ட கனவு மட்டும் ஒரு அணியை இப்படி எழுப்பிவிடாது.

அதே வெறி குடியையும் கெடுக்கும். 1987இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டானியில் கனடாவும் சோவியத்தும் கைகலப்பில் இறங்க, அரங்க விளக்குகளையே அணைத்தார்கள். இரு அணிகளும் தகுதியிழந்தன. பதக்கம் உறுதியாகியிருந்த கனடா வெறுங்கையோடு திரும்பியது.