பவர்பாயின்ட் பேனாவும் டிவிக்குக் கீழே ஒட்டிய சீட்டும்

முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்துக் கணக்கு நடத்தியவன் நான். ஓய்வு பெற்றபின் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். கரும்பலகை மாட்டச் சுவரில் இடமில்லை, டிவி மாட்டியிருந்தது. மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து, ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளையும் செருகிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷமாக பவர்பாயின்ட்தான் என் பலகை. ஸ்லைடு ஓடும்போதே அதன்மேல் கோடு போட்டு எழுத ஒரு பேனா அதில் இருக்கிறது. அந்தப் பேனாவையும் அதற்கான கீபோர்டு குறுக்குவழிகளையும் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் சொல்வதெல்லாம் விண்டோஸ் லேப்டாப்பில்.

முதல் ஆறு மாதம் மவுஸிலேயே ஓட்டினேன். ரைட் கிளிக் செய்து, பாயின்டர் ஆப்ஷன்ஸ் போய், அங்கே பென்னைத் தேட வேண்டும். அதற்குள் பின்வரிசையில் கிரிக்கெட் பேச்சு ஆரம்பித்துவிடும். கரும்பலகை ஆசிரியருக்கு இது புதுத் தொல்லை. சாக்பீஸ் எப்போதும் கையில்தானே இருந்தது! கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பென்னின் முதலெழுத்தான பி-யைத் தட்டினால் பேனா வந்துவிடும் என்று தெரிந்த அன்றுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதே மாதிரி கன்ட்ரோலுடன் ஐ தட்டினால் மஞ்சள் ஹைலைட்டர், எல் தட்டினால் லேசர் புள்ளி, ஏ தட்டினால் பழையபடி அம்புக்குறி. லேசரை ஒரு நொடி மட்டும் காட்ட வேண்டுமென்றால் கன்ட்ரோலோடு மவுஸின் இடது பொத்தானைப் பிடித்தாலே போதும், விட்டதும் மறைந்துவிடும். நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான்.

இவற்றையெல்லாம் ஒரு சீட்டில் தமிழில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டிவைத்தேன். அங்கேதான் சறுக்கினேன். பேனாவுக்கும் 'பி', திரையை இருட்டாக்கும் பிளாக்குக்கும் 'பி'. ஒரு நாள் எனக்குப் பதிலாக லேப்டாப்பில் உட்கார்ந்த பையன் சீட்டைப் பார்த்து இன்னொரு பி-யைத் தட்ட, டிவி கருத்துப் போனது. "சார், கரண்ட் போச்சு!" என்று நாலு பேர் எழுந்துவிட்டார்கள். இப்போது சீட்டில் 'பேனா பி', 'பிளாக் பி' என்று திருத்தியிருக்கிறேன். கன்ட்ரோல் இல்லாமல் தட்டும் பிளாக் பி-யும் நல்ல விசைதான். பிள்ளைகள் ஸ்லைடைப் பார்க்காமல் என்னைப் பார்க்க வேண்டும் என்றால் அதைத் தட்டுவேன். மறுபடி தட்டினால் ஸ்லைடு திரும்பி வரும்.

உண்மையில் பயப்பட வேண்டியது 'இ' விசைக்கு. கன்ட்ரோலோடு தட்டினால் அழிப்பான் வரும், ஒவ்வொரு கோடாகத் துடைக்கலாம். கன்ட்ரோலை விட்டுவிட்டு வெறும் இ-யைத் தட்டினால் அந்த ஸ்லைடில் கையால் எழுதியது மொத்தமும் ஒரே அடியில் போய்விடும். தேல்ஸ் தேற்றத்துக்குப் படம் போட்டு, பக்கங்களுக்குப் பெயர் எழுதி, விகிதம் வரைக்கும் வந்தபின் ஒரு எழுத்தைத் திருத்தப்போய் எல்லாவற்றையும் துடைத்தேன். தப்பு என் விரலுடையது. ஆனாலும் இப்படிப்பட்ட இரண்டு வேலைகளை ஒரே எழுத்தில் வைத்திருப்பதை என்னால் பாராட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் மறைத்தால் போதும் என்றால் கன்ட்ரோலுடன் எம் தட்டுங்கள். எழுதியது ஒளிந்துகொள்ளும், மறுபடி தட்டினால் வரும். விடையை எழுதி, மறைத்து, "இப்போ நீங்க போடுங்க" என்று சொல்ல இதைவிட வசதியானது வேறில்லை.

இன்னொன்று. பேனா கையில் இருக்கும்போது மவுஸைக் கிளிக் செய்தால் ஸ்லைடு நகராது, ஒரு சிவப்புப் புள்ளிதான் விழும். ஸ்பேஸ் பாரையோ அம்பு விசையையோ தட்டினால்தான் நகரும். எஸ்கேப்பை ஒரு முறை தட்டினால் பேனாவைக் கீழே வைக்கும். அவசரத்தில் இரண்டு முறை தட்டினால் காட்சியே முடிந்துவிடும். அப்படி முடிந்தது தெரியாமல் ஒரு நாள் பேனாவுக்காக விசையைத் தட்ட, பிரின்ட் பக்கம் டிவி முழுக்க விரிந்தது. வெளியே அந்த விசைக்கு அர்த்தமே வேறு. "சார், எல்லாருக்கும் பிரின்ட் எடுத்துத் தரப் போறீங்களா?" என்றாள் முன்வரிசைப் பெண்.

சரி, எழுத்து எப்படி வருகிறது? சுமார்தான். மவுஸைப் பிடித்து 'கோணம்' என்று எழுதினால் கோழி கிளறியது போலிருக்கும். அதனால் பேனாவை அடிக்கோடு, வட்டம், டிக் இவற்றோடு நிறுத்திக்கொண்டேன். படங்களை முன்கூட்டியே போட்டுவைக்கிறேன். அதற்கும் விசைகள் உண்டு, அவை இன்னும் பிடித்திருக்கின்றன.

ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் நீள்வட்டம் சரியான வட்டமாகும். எண்கோட்டுக்கு ஒரு சின்னக் கோடு போட்டு, கன்ட்ரோலுடன் டூப்ளிகேட்டின் முதலெழுத்தான டி தட்டி நகல் எடுத்து, அதை வேண்டிய தூரத்தில் வைத்துவிட்டு மறுபடி மறுபடி கன்ட்ரோலுடன் டி தட்டுங்கள். மற்ற கோடுகள் அதே இடைவெளியில் தானே வரிசை கட்டும். அப்புறம் ஆல்ட். ஒரு கிடைக்கோட்டைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்டோடு இடது அம்பைத் தட்டினால் 15 பாகை திரும்பும். முக்கோணவியல் பாடத்தில் வரும் ஏற்றக்கோணம் பெரும்பாலும் 30, 45, 60தானே? இரண்டு தட்டு, மூன்று தட்டு, நாலு தட்டு. பாகைமானியே வேண்டாம்! கோடு தன் நடுப்புள்ளியை வைத்துத்தான் சுழலும், அதனால் திருப்பியபின் அதன் முனையைப் படத்தில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு நகர்த்த வேண்டும். அது ஒன்றுதான் வேலை.

பேனாவின் நிறத்தை மாற்ற மட்டும் நான் இன்னும் ரைட் கிளிக்குக்குத்தான் போகிறேன். பெரும்பாலும் சிவப்பிலேயே விட்டுவிடுவேன், வாத்தியார் நிறம்தானே. பணம் கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு லிப்ரே ஆபிஸின் இம்ப்ரெஸ் இலவசம். அதிலும் மவுஸைப் பேனாவாக்கலாம். கூகுள் ஸ்லைட்ஸில் எல் தட்டினால் லேசர் வரும்.

இத்தனையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. காட்சி ஓடும்போது எஃப்1 தட்டினால் பட்டியல் வரும். எனக்குத் தினமும் கை போவது பேனா பி, எம், பிளாக் பி, அப்புறம் ஒரு எண். ஒவ்வொரு கோப்பிலும் 20-வது ஸ்லைடை வெறுமையாக விட்டிருக்கிறேன். யாராவது எதிர்பாராத சந்தேகம் கேட்டால் 20 தட்டி என்டர், அங்கே கிறுக்கிக் காட்டுவேன். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, எழுதியதை வைத்துக்கொள்ளவா வேண்டாமா என்று பவர்பாயின்ட் கேட்கும். அன்று யாராவது வராமலிருந்தால் வைத்துக்கொள்வேன். எல்லாரும் வந்திருந்தால் வேண்டாம் என்பேன், மறுநாள் 20-வது ஸ்லைடு வெள்ளையாக இருக்கும்.