ஐஸ் டீக்கென்று வாங்கிய கண்ணாடிப் போத்தல்

இந்தப் போத்தலை வாங்கலாம். ஃப்ரிட்ஜ் இருக்கிற வீடு, பாலில்லாத தேத்தண்ணி பிடிக்கிற ஆட்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் உள்ளே போடுகிற தேயிலை சரியில்லை என்றால் இது வெறும் தண்ணீர்ப் போத்தல்தான், அதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹட்டன் டவுனில் ஒரு பாத்திரக் கடையில் மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கியது. ஒரு லீட்டர் பிடிக்கும். தடித்த கண்ணாடி, வாயிலிருந்து அடிவரைக்கும் இறங்குகிற ஸ்டீல் வலைக்குழாய், அதற்கு மேலே சிலிக்கன் வளையம் போட்ட மூடி. பெட்டியில் தயாரித்தவர் பெயர் இல்லை. மலையில் இருந்துகொண்டு ஐஸ் டீ எதற்கு என்று கேட்பவர்கள் மார்ச் மாதத்து மத்தியான வெயிலில் டவுனுக்குப் போய் ஏறி வந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது டஸ்ட், இல்லாவிட்டால் பி.ஓ.பி.எஃப். என்கிற ரகம். இரண்டுமே பொடியாக உடைந்த தேயிலை, கொதிதண்ணீர் பட்டவுடனே சாயம் இறங்கிவிடும், பால் ஊற்றிக் குடிக்க அதை அடிக்க ஒன்றும் இல்லை. அதையே நல்ல சாயமாக ஊற்றி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள், காலையில் செம்மண் தண்ணீர் மாதிரி கலங்கி நிற்கும். நிறையப் பேர் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். கெட்டுப்போனது இல்லை. சாயத்துக்கு நிறமும் துடிப்பும் கொடுக்கிற தியாஃபிளேவின் மாதிரியான பொருட்களும் கஃபீனும் சூட்டில் கரைந்து இருக்கும், ஆறும்போது ஒன்றோடொன்று சேர்ந்து கரையாமல் திரண்டுவிடும், அவ்வளவுதான். தேயிலை ருசி பார்க்கிறவர்கள் இப்படித் திரள்வதை நல்ல தேயிலைக்கு ஓர் அடையாளமாகவே எடுப்பார்கள். கொஞ்சம் கொதிதண்ணீர் விட்டால் தெளிந்துவிடும், ஆனால் குளிரக் குடிக்க வைத்ததைத் திரும்பச் சூடாக்க யாருக்கு மனம் வரும்?

இந்தப் போத்தலின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. சூடு இல்லாமல், குளிர்ந்த தண்ணீரிலேயே ஊறவைப்பது. அப்படி ஊறும்போது கஃபீனும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும், அதனால் கலங்கலும் குறைவு, நாக்கைப் பிடிக்கிற கசப்பும் குறைவு, தேயிலையின் வாசம் முன்னுக்கு வரும். ஒரு லீட்டருக்கு 10 முதல் 12 கிராம் தேயிலை போதும், சுமாராக இரண்டு மேசைக்கரண்டி. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் விடியும்போது சரியாக இருக்கும். வலைக்குழாயை இறக்கியதும் முதலில் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நேரத்தில் வலையிலிருந்து பொன்னிறத்தில் மெல்லிய கோடு கோடாக இறங்கி அடியில் போய்ப் படுக்கும், மேலே தண்ணீர் வெளிறியே இருக்கும். அதனால் படுக்கப் போகும் முன் மூடியை இறுக்கிப் போத்தலை ஒரு தடவை கவிழ்த்து நிமிர்த்திவிடுங்கள்.

தேயிலைக்கு வருகிறேன். டஸ்ட் இந்த வலைக்கு ஆகவே ஆகாது. பாதி வெளியே வந்து அடியில் கறுப்பாகப் படிந்து, கடைசிக் கிளாஸ் வாயில் வைக்க முடியாமல் துவர்க்கும். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக உடைத்த பி.ஓ.பி. ரகம் பரவாயில்லை. நல்லது பீக்கோ, இலை கொஞ்சம் பெரிதாகச் சுருண்டு இருக்கும், இரவு முழுக்க ஊறினாலும் கரடுமுரடாகாது. நீள இலை ஓ.பி. இன்னும் நன்றாகவே இருக்கும், ஆனால் அது இரத்தினபுரி, காலிப் பக்கத்துக் கீழ்நாட்டுத் தேயிலையில்தான் அதிகம், நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் உடைத்த தேயிலைதான் செய்கிறார்கள். இன்னொன்று, நுவரெலியா தேயிலை. 6,000 அடிக்கு மேலே விளைவது, சாயம் வெளிறலாக இருப்பதால் பாலுக்கு ஆகாது என்று நம் ஆட்கள் ஒதுக்குவார்கள், குளிரக் குடிப்பதற்கு அதைப்போல வேறு இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் ஹட்டனைச் சுற்றியுள்ள திம்புள்ள, நுவரெலியாப் பக்கம் காய்ந்த காற்றும் இரவுக் குளிருமாக இருக்கும்போது பறிக்கிற கொழுந்தின் தேயிலை கிடைத்தால் விடாதீர்கள். மலைநாட்டின் கிழக்கே இருக்கிற ஊவாப் பக்கத்துக்கு அந்தப் பருவம் ஜூலையிலிருந்து செப்டம்பர்.

தண்ணீரும் முக்கியம். நம் பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழுகிற தண்ணீர், மென்மையானது, தேயிலைக்கு அது பெரிய அதிர்ஷ்டம். வவுனியாவில் இருக்கிற அக்கா வீட்டில் இதே போத்தலில் இதே தேயிலையைப் போட்டபோது சாயம் மங்கலாக, உயிரே இல்லாமல் இருந்தது. அங்கே கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிற கிணற்றுத் தண்ணீர். அக்கா இப்போது போத்தல் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறார். ஆனால் மென்மையான தண்ணீர் என்பதற்காகப் பீலியில் பிடித்ததை அப்படியே ஊற்றிவிடக் கூடாது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான் வேண்டும். சூடு இல்லாமல் ஊறவைக்கிறோம், கிருமியைக் கொல்ல இங்கே வேறு எதுவும் இல்லை. சிலர் வெயிலில் வைத்து ஊறவைக்கச் சொல்கிறார்கள், அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வெயில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கும், கிருமிக்கு வேண்டியதும் அந்த வெதுவெதுப்புத்தான்.

வைத்துக் குடிப்பதில்தான் நிறைய வீடுகளில் கெடுகிறது. காலையில் எழுந்ததும் வலைக்குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும், தேயிலை உள்ளேயே கிடந்தால் இரண்டாம் நாள் பழைய ருசி வந்துவிடும். சீனி, தேசிக்காய் எதையும் போத்தலுக்குள் போடாதீர்கள், கிளாஸில் ஊற்றிய பிறகு போடுங்கள். சீனி போட்டது சீக்கிரம் புளிக்கும். குளிர்ந்த தண்ணீரில் சீனி கரைய நேரமாகும் என்பதால் நான் சீனிப்பாகு காய்ச்சித் தனியாக வைத்திருக்கிறேன். வெறும் சாயம் என்றால் மூன்று நாள் நன்றாக இருக்கும், அதற்கு மேல் வாசம் போய்விடும். ஊற்றும்போது நூல் மாதிரி இழுத்தாலோ, பிசுபிசுத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கரண்ட் நீண்ட நேரம் போயிருந்தாலும் அப்படித்தான்.

தேயிலை வாடையை இழுக்கும், இது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஃப்ரிட்ஜில் பக்கத்திலேயே கருவாடு இருந்தால் மூடி நன்றாகப் பிடிக்க வேண்டும், இந்தப் போத்தலில் எனக்குக் குறையாகத் தெரிவது அங்கேதான். சிலிக்கன் வளையமே வாடையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கழற்றி, வெந்நீரும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவினால் போகிறது, ஆனால் கழற்றிக் கழற்றியே வளையம் தளர்ந்துவிட்டது, படுக்கவைத்தால் சொட்டுகிறது. வளையம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்கக் கடைக்குப் போனேன். "அப்படி வராது தங்கச்சி, புதுசுதான் எடுக்கணும்" என்றார் கடைக்கார அண்ணன். மூவாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு ஒரு வளையம் இல்லை என்பது சரியில்லை, வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

கண்ணாடி பற்றிக் குறை இல்லை. சாயக் கறை உள்ளே பிடிக்காது, பிளாஸ்டிக் ஜக் மாதிரி நாளடைவில் மஞ்சளாகாது. சூடு தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, ஆனாலும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிதண்ணீர் ஊற்றாதீர்கள்.

மலைக்குப் போகும்போது இதைக் கொண்டுபோகலாமா என்று கொழுந்து எடுக்கப் போகிற மதினி கேட்டார். வேண்டாம், கனம் அதிகம், சரிவில் கால் வழுக்கினால் கண்ணாடி. இரவில் இதில் ஊறவைத்து, காலையில் ஐஸ் கட்டியோடு ஸ்டீல் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறேன், பத்து மணித் தேத்தண்ணிக்கு அவருக்கு அது போதும்.