கடலை பிஸ்கட்டா, வால்நட் பிஸ்கட்டா? சீனப் பெருநாளுக்கு எதைச் சுடலாம்

மலேசியாவில் சீனப் பெருநாள் நெருங்கினால் கடைகளில் சிவப்பு மூடி டப்பாக்கள் அடுக்கடுக்காக வந்து இறங்கிவிடும். அவற்றில் பருப்பு வகைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஃபா சாங் பெங் என்கிற நிலக்கடலை பிஸ்கட், இன்னொன்று ஹப் தோ சோ என்கிற வால்நட் பிஸ்கட். இரண்டையும் வீட்டில் சுட்டுப் பார்த்துவிட்டு இப்போது கடலை பிஸ்கட்டோடு நிற்கிறேன். மக்காவ் பாதாம் பிஸ்கட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பாசிப்பயற்று மாவை மர அச்சில் அழுத்திச் செய்வது, அச்சு இல்லாமல் வேலைக்கு ஆகாது.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, வால்நட் இறக்குமதிச் சரக்கு. ருசி அவரவர் நாக்கு.

ஹப் தோ சோவின் அழகு அதன் வெடித்த முகம். சோடா உப்போடு அமோனியம் பைகார்பனேட்டும் ஒரு சிட்டிகை போடுவார்கள். சூட்டில் அது முழுக்க வாயுவாகப் பிரிந்து மாவை விரித்து வெடிக்க வைக்கும். ஓவனைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். பிஸ்கட் மெல்லியதாக இருந்து நன்றாகக் காய்ந்தால் நெடி போய்விடும், தடிமனாகத் தட்டினால் உள்ளே தங்கிவிடும். சோடா உப்பு மட்டும் போட்டாலும் வெடிக்கும், ஆனால் அந்தப் பொலபொலப்பு குறையும். பழைய முறையில் பன்றிக் கொழுப்புதான் சேர்ப்பார்கள். நான் வெண்ணெயிலும் நெய்யிலும்தான் செய்திருக்கிறேன். அதனால் கொழுப்பு போட்டதன் பக்குவம் பற்றிக் கடையில் வாங்கித் தின்ற அளவுக்குத்தான் சொல்ல முடியும்: அது இன்னும் லேசாக உதிரும்.

என்னைக் கடலைப் பக்கம் இழுத்தது ஒன்றே ஒன்று: டப்பாவில் எத்தனை நாள் நிற்கும் என்பது. பெருநாள் 15 நாள், சாப் கோ மே என்கிற கடைசி நாள் வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அதற்கு முன்பே சுட்டு வைக்க வேண்டும். நம்ம ஊர்க் காற்றிலோ எப்போதும் ஈரம். 100 கிராம் வால்நட்டில் சுமார் 65 கிராம் கொழுப்பு, அதில் 47 கிராம் போல காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும் வகை. கடலையில் மொத்தக் கொழுப்பே 49 கிராம் அளவுதான், அந்த வகை 16 கிராம் இருந்தால் அதிகம். பொடித்துச் சேர்த்த வால்நட் அதனால்தான் முதலில் சிக்கு வாடை அடிக்கிறது. தோலில் ஏற்கெனவே ஒரு கசப்பு உண்டு, இரண்டும் சேர்ந்தால் டப்பாவே வீண். முட்டையும் வெண்ணெயும் மாவுக்குள் கொண்டுவரும் ஈரம் வேறு. வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர்தானே. அதைச் சுட்டு வெளியேற்றாவிட்டால் மொறுமொறுப்பு நிற்காது.

கடலை பிஸ்கட்டில் இந்தத் தொல்லை இல்லை. மாவுக்குள் முட்டையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. எண்ணெய் மாவைச் சுற்றிக்கொள்வதால் பிசைந்தாலும் ஜவ்வு பிடிக்காது. வாயில் போட்டால் தீபாவளி நெய் உருண்டை மாதிரி கரையும்.

அளவு இதுதான்: கடலை 300 கிராம், மைதா 300, ஐசிங் சீனி 150, உப்பு முக்கால் தேக்கரண்டி, கடலை எண்ணெய் 180 மில்லி போல. வறுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிதமான தீயில், தோல் வெடித்து உள்ளே பொன்னிறம் தெரியும் வரை வறுக்க வேண்டும். ஆறியதும் கையால் கசக்கி முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். பொடியோடு மைதா, சீனி, உப்பைக் கலந்து, அந்த மாவில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கைக்குள் அழுத்தினால் உருண்டை நிற்கிறது என்றதும் நிறுத்துங்கள், 180 முழுதும் தேவைப்படாமல் போகலாம். அப்புறம் உருட்டி, மேலே அரைக் கடலை ஒன்றை அழுத்தி, முட்டை மஞ்சள் கரு தடவி, 170 டிகிரியில் 15 நிமிடம் போல. சூடாக இருக்கும்போது தட்டிலேயே விடுங்கள், எடுத்தால் உடையும்.

இன்னொன்றும் இருக்கிறது. கடலை எண்ணெயில் செய்ததைத் திறந்த இல்ல உபசரிப்பில் முஸ்லிம் நண்பர்களுக்கும் தயங்காமல் நீட்டலாம். மஞ்சள் கருவுக்குப் பதில் பால் தடவினால் முட்டை சாப்பிடாதவர்களுக்கும் ஆகும். கடலை ஒவ்வாமை உள்ளவர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அது சாதாரண விஷயம் இல்லை.

வால்நட்தான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் முன்கூட்டியே சுட்டு அடுக்காதீர்கள். பருப்பை வாங்கியதும் உறைபெட்டியில் போட்டு வையுங்கள். பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு எடுத்து, ஒன்றை மென்று பார்த்துவிட்டு மாவைப் பிசையுங்கள்.