கெலமங்கலம் பாறைமலையில் குதிரைச் சவாரி: ஒரு மதிப்பீடு

இராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து விலகிச் செல்லும் மண்பாதையின் முடிவில் உள்ள சிறிய குதிரைப் பண்ணை ஒன்று, அருகிலுள்ள பாறைமலையில் ஏறி இறங்கும் சவாரியை நடத்துகிறது. ஓசூரைச் சுற்றி வேலியிட்ட மைதானத்துக்குள் சவாரி கற்றுத்தரும் இடங்கள் சில உண்டு என்றாலும், செங்குத்தான கற்பாதையில் குதிரையைக் கொண்டுசெல்லும் சேவை இந்தப் பக்கத்தில் அரிது. இத்தகைய சவாரியின் தரத்தை இறக்கத்தை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தெம்புள்ள எந்தக் குதிரையும் மலை ஏறிவிடும். ஏறிய குதிரையையும் அதன் மேல் இருப்பவரையும் காயமின்றிக் கீழே கொண்டுவருவதற்குத்தான் அறிவும் பொறுமையும் வேண்டும்.

சமதளத்தில் சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. சரிவில் இறங்கும்போது அந்தச் சுமை மேலும் கூடுவதோடு, சவாரி செய்பவரின் எடையும் அதே கால்களை நோக்கிச் சரிகிறது. ஆகவே யாரை ஏற்றுவது என்பதில் பண்ணை கறாராக இருப்பது முதல் நற்குறி. இங்கே வந்தவர்கள் அனைவரையும் எடை பார்த்த பிறகே குதிரை ஒதுக்குகிறார்கள். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது உலகெங்கும் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவுகோல். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 80 கிலோ. சேணத்தின் எடையைக் கழித்தால் ஏறுபவர் 70 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும் என்ற கணக்கை அவர்களே விளக்கினார்கள். எடை கூடுதலாக இருந்த ஒருவரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மலைக்குப் பதிலாக அடிவாரத்துத் தோப்பில் சிறிது தூரம் நடத்திச் செல்வதாகப் பணிவாகச் சொன்னதையும் பார்த்தேன். சுற்றுலாத் தலங்களில், வந்தவர் எவராக இருந்தாலும் மெலிந்த குதிரையின் மேல் தூக்கி உட்காரவைக்கும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

குதிரைகளில் பெரும்பாலானவை மார்வாரி, கத்தியவாரி இனங்களைச் சேர்ந்தவை. நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் காதுகளே அவற்றை அடையாளம் காட்டிவிடும். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் வாங்கியவை என்று பராமரிப்பவர் கூறினார். கடலிலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர்ப் பகுதியின் மிதமான வெயில் குதிரைகளுக்கு ஏற்றது. கிழக்கிந்தியக் கம்பெனி 1824இல் தன் படைக்குதிரைகளுக்காக ஓசூரை அடுத்த மத்திகிரியில் பண்ணை அமைத்ததும், அதுவே பிற்காலத்தில் அரசுக் கால்நடைப் பண்ணையாக மாறியதும் இந்த வட்டாரத்தார் அறிந்த செய்தி.

லாடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குன்றுகள் பெரும்பாலும் கருங்கல். மழையும் காற்றும் மேற்பரப்பை வழித்து மழமழப்பாக்கிய அந்தப் பாறையில் தேய்ந்த இரும்பு லாடம் சறுக்கும். இந்தப் பண்ணையில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து, வளர்ந்த குளம்பைச் சீவி, டங்ஸ்டன் கார்பைடு முனை பதித்த ஆணிகளால் லாடம் அடிக்கிறார். அந்த முனை இரும்பைவிடக் கடினமானது என்பதால், லாடம் தேயும்போதும் அது மட்டும் துருத்திக்கொண்டு பாறையைப் பற்றுகிறது. புறப்படும் முன் ஒவ்வொரு குதிரையின் நான்கு கால்களையும் எங்கள் கண்முன்னே தூக்கி, கொக்கியால் குளம்பின் உட்குழிவைச் சுரண்டி, சிக்கியிருந்த சரளைக் கற்களை எடுத்தார்கள். இதைச் செய்யாத இடத்தில் நான் மலைக்குதிரை ஏற மாட்டேன்.

சேணம் பூட்டுவதிலும் அதே கவனம் தெரிகிறது. ஏற்றத்தில் சேணம் பின்னோக்கி நழுவாமலிருக்க மார்புவாரும், இறக்கத்தில் பிடரியை நோக்கிச் சரியாமலிருக்க வாலடியில் மாட்டும் வாரும் எல்லாக் குதிரைகளுக்கும் இருந்தன. வயிற்றுவாரை இறுக்கும்போது பல குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். அதை அறிந்தே, சிறிது தூரம் நடந்த பின் அனைவரையும் நிறுத்தி வாரை மீண்டும் ஒரு துளை இறுக்கினார்கள்.

ஏறுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னே சாய்ந்து, தேவையானால் பிடரி மயிரைப் பற்றி, பின்னங்கால்கள் உந்துவதற்கு வசதியாக இடுப்பின் சுமையைக் குறைத்துக்கொண்டால் போதும். ஒரு குதிரைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு குதிரை நீளத்துக்குக் குறையாத இடைவெளியை வழிகாட்டி விடாமல் வலியுறுத்தினார். பாதி வழியில், கோட்டைமலை தெளிவாகத் தெரியும் அகன்ற பாறைமேடையில் ஓய்வு தருகிறார்கள். 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் கைப்பற்றிய இராயக்கோட்டை அது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தைக் குறித்த பாராமகாலுக்கு இறங்கும் கணவாயை அது காத்து நின்ற விதம் இந்த உயரத்திலிருந்து பார்த்தால் எளிதில் புரியும். நாங்கள் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, வழிகாட்டி ஒவ்வொரு குதிரையின் தாடையடியிலும் விரல் வைத்து நாடி பார்த்தார். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் குதிரையின் இதயம் ஏற்றத்தில் பல மடங்கு வேகமாகத் துடிக்கும். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் வழக்கமாகக் கேட்கப்படுவதைப் போல, துடிப்பு 64க்குக் கீழே வரும்வரை அவர் யாரையும் ஏற விடவில்லை.

இறக்கத்தில்தான் இந்தச் சேவை தன் தகுதியைக் காட்டியது. பின்னால் மல்லாந்து சாய வேண்டும் என்பது பலரும் நம்பும் முறை. ஆனால் அப்படிச் சாய்ந்தால் முழு எடையும் குதிரையின் இடுப்பில் அழுந்தி, பிரேக்காகப் பயன்பட வேண்டிய பின்னங்கால்கள் உடலுக்கு அடியில் வர முடியாமல் போகும். நிமிர்ந்து உட்கார்ந்து, குதிகாலைத் தாழ்த்தி, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைக்கச் சொன்னார் வழிகாட்டி. பயத்தில் நான் லகானை இழுத்துப் பிடித்தபோது, "லகானை விடுங்க சார், தலையைக் குனிஞ்சாதான் அதுக்குக் கல்லு தெரியும்" என்றார். மூக்குக்கு நேர் கீழே உள்ள இடம் குதிரையின் பார்வைக்கு எட்டாது. கால் வைக்கும் தரையை அளக்க அது கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தியாக வேண்டும். லகான் தளர்ந்ததும் என் குதிரை ஒவ்வொரு கல்லையும் முகர்வது போலக் குனிந்து, ஒரு காலை ஊன்றி உறுதி செய்துகொண்டு மறு காலை எடுத்து வைத்தது. வளைவு இல்லாத சரிவுகளில் குறுக்காகப் போகாமல் நேராக இறக்கினார்கள். நேராக இறங்கும் குதிரை சறுக்கினால் பின்புறத்தில் குந்திச் சமாளித்துவிடும், குறுக்காகப் போகும் குதிரை பக்கவாட்டில் விழும்.

ஓரிடத்தில் மண்ணே இல்லாத வழுக்குப்பாறை வருகிறது. அங்கே எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும் என்பது மாற்ற முடியாத விதி. "காசு கொடுத்துட்டு நடக்கணுமா?" என்று குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் கேட்டார். "அதுக்கும் உங்களுக்கும் கால் நல்லா இருக்கணும் தம்பி, கீழே போய் மறுபடி ஏறிக்கலாம்" என்று வழிகாட்டி அமைதியாகச் சொல்லிவிட்டு, குதிரைக்கு நேர் முன்னால் நடக்காமல் தோளுக்குப் பக்கத்தில் நடக்கும்படி காட்டிக்கொடுத்தார். அவரே தெலுங்கில் மெல்லப் பேசியபடி மிரண்ட பெட்டைக் குதிரை ஒன்றைக் கடைசியாக இறக்கினார். கட்டணம் கொடுத்தவரின் மனக்குறையைவிடக் குதிரையின் முழங்காலைப் பெரிதாக மதிக்கும் இந்த முடிவுக்காகவே பண்ணையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. தலைக்கவசங்கள் போதிய அளவுகளில் இல்லை. என்னுடன் வந்த பெண்மணிக்குக் கிடைத்தது தலையில் ஆடியது, தாடைவாரும் நைந்திருந்தது. குதிரையின் காலுக்கு இவ்வளவு செலவழிப்பவர்கள் மனிதத் தலைக்கும் அதே அக்கறை காட்ட வேண்டும். பாதையின் கடைசிப் பகுதி கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலையில் கலக்கிறது; அங்கே ஹாரன் ஒலியில் குதிரைகள் காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டன. ஓர் ஆள் முன்சென்று வண்டிகளை நிறுத்தினால் போதும், ஆனால் அதற்கு ஆள் இல்லை. மேலே குதிரைகளுக்குத் தண்ணீர் வசதி இல்லாததும் கோடையில் பெருங்குறையாகிவிடும்.

பாதை முழுவதும் காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே அமைந்திருப்பது நல்லது. ஓசூர் வனக்கோட்டத்தின் காடுகளில் யானைகளின் நடமாட்டம் உண்டு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி என்பதால் பாறையில் பாசி படர்ந்திருக்கும்போது மலைச் சவாரியை நிறுத்திவிடுகிறார்கள். முன்பதிவு செய்வோர் புறப்படும் நாள் காலையில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. கட்டணம் மைதானச் சவாரியைவிடக் கூடுதல், ஆயினும் லாடத்துக்கும் ஓய்வுக்கும் அவர்கள் செலவிடுவதைப் பார்த்தபின் அது எனக்கு நியாயமாகவே பட்டது. இதற்கு முன் குதிரை ஏறாதவர்கள் முதலில் அடிவாரத்தில் சில நாள் பழகிவிட்டு வரலாம். குதிகால் உள்ள மூடிய காலணியும், முழங்காலில் உரசாத முழுக்கால் சட்டையும் அணிந்து, சொந்தத் தலைக்கவசம் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விடியற்காலைக் குழுவில் இடம் கேளுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும்.